நடுக்கூடத்துக் கீர்த்தனை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிறிஸ்தவப் பாட்டு இன்று இரண்டு விதமான இடங்களில் கேட்கிறது. ஒன்று, சுவரொட்டி ஒட்டி, பந்தல் போட்டு, வெளியூர்ப் பாடகரை வரவழைத்து நடத்தும் நற்செய்திப் பெருவிழா மைதானம். மற்றொன்று, பாட்டைக் கட்டியவரே வந்து உட்கார்ந்து இருபது முப்பது பேருக்கு நடுவே மைக் இல்லாமல் பாடும் வீட்டுக்கூடம், விடுதி அறை, சிற்றாலயம். மைதானத்துக்கு மதிப்பு அதிகம். கூடத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. மேடை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் அது என்பார் சிலர். பெங்களூரு காபிக் கடைகளிலிருந்து எல்லை தாண்டி வந்த 'அன்பிளக்டு' மோகம் என்பார் வேறு சிலர். தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் நிற்காது. நம்மிடம் கீர்த்தனை வளர்ந்ததே இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்களில்தான். மைதானம் வெகுகாலம் கழித்து வந்தது. மூன்று ஷிப்டும் மூன்று மொழியும் கலந்த இந்தத் தொழிற்பேட்டை மண்ணுக்கு அந்தப் பழைய வடிவமே அதிகம் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதால் அதன் பழைய பாவங்களையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் வேதநாயக சாஸ்திரியாரைப் பார்க்க வேண்டும். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கையைப் பிடித்துத் தஞ்சாவூர் வந்தவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஷ்வார்ட்ஸின் கவனிப்பில் வளர்ந்தவர்தான். சாஸ்திரியார் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், நொண்டி நாடகம், கணக்கற்ற கீர்த்தனைகள் என்று எழுதிக்கொண்டேயிருந்த அவர் 1864-ல் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். இவற்றை அவர் படிப்பதற்கென்று எழுதவில்லை. சீடர்களும் குடும்பத்தாரும் பின்பாட்டுப் பாட, ஊர் ஊராகச் சென்று சபையார் முன்னால் உட்கார்ந்து பாடி, பொருள் சொல்லி, மறுபடி பாடினார். காலட்சேபம் நடந்த ஊர்களில் காலட்சேபத்தையே கிறிஸ்தவ விஷயத்துக்கு எடுத்துக்கொண்டார். மகள் ஞானதீப அம்மாளும் பாடினார், இயற்றினார். பெத்லகேம் குறவஞ்சியில் வானநூலும் பூகோளமும் வருகின்றன. சூரியனைச் சுற்றும் கோள்களைப் பற்றித் தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பள்ளிகளில் கற்ற பாடத்தைக் குறத்திப் பாட்டு நாடகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அப்படிப்பட்ட விஷயத்தை ஆயிரம் பேருக்கு எட்டத்திலிருந்து பாடிவிட்டுப் போக முடியாது. நிறுத்தி, கேட்பவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லித்தான் பாட முடியும். ஆக, பாடலாசிரியரே பாடகராகவும் விளக்கம் சொல்பவராகவும் எதிரே அமர்ந்திருப்பது நம்மிடம் இருநூறு ஆண்டு வழக்கம்.

கீர்த்தனையின் கட்டமைப்பே இதற்குச் சாட்சி. பழைய கீர்த்தனைப் புத்தகம் எதையாவது பிரித்தால், பாட்டின் எண்ணுக்குக் கீழே இராகமும் தாளமும் இருக்கும்; பிறகு பல்லவி, அனுபல்லவி, எண்ணிட்ட சரணங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பல்லவி ஒன்று போதும். பாடுகிறவர் சரணத்தைச் சொல்லி முடிக்கும்போது கூட்டம் பல்லவியைப் பிடித்துக்கொள்ளும். நான்காம் சரணத்தில் எல்லாரும் பாடகர்களாகியிருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது காத்திருத்தல். சரணத்தின் கடைசிச் சொல்லை எப்போது விடுவது, பல்லவியை யார் தொடங்குகிறார், பின்வரிசைப் பாட்டி இன்னும் முதல் அடியிலேயே இருக்கிறாரா என்று பாடுகிறவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கூட்டத்துக்கு எட்டவில்லை என்றால் சுருதியைக் குறைத்துக்கொள்கிறார். மேடைக் கச்சேரியில் கீபோர்டின் ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும். அது யாருக்காகவும் நிற்காது. ட்ராக் தவறான பொருள் என்று சொல்லவில்லை. பல்லவி என்ற உறுப்பு கூட்டத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்த வாயை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாட்டுகளுக்குக் கணிசமான இடம் உண்டு. அந்த அச்சுப் புத்தகத்தால் கீர்த்தனை தமிழ்நாடெங்கும் போயிற்று. ஆனால் புத்தகம் வந்தபின் பாட்டும் பாட்டுக்காரரும் பிரிந்தார்கள். பாட்டு சபையின் சொத்தாயிற்று, எழுதியவர் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெயரானார். அடுத்த நூற்றாண்டின் கடைசியில் ஒலிநாடா அவரைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் வேறொரு வேஷத்தில். ஃபாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் வரிசை கேசட்டுகளாக வீடு வீடாகப் போனபோது, பாடலாசிரியரின் குரல் எல்லாருக்கும் பழக்கமாயிற்று. ஆள் தூரத்தில் இருந்தார். யூடியூப் அந்தத் தூரத்தை இன்னும் நீட்டியது. குரல் தெரியும், முகம் தெரியும், ஆனால் அவருக்கு நம்மைத் தெரியாது. இன்றைய கூடத்துப் பாட்டு இந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிறது.

மேடையில்லாமல் கூடிப் பாடியது தஞ்சாவூர் போன்ற நகரத்துச் சபைகள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-ல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். திராவிடக் கோயில் பாணியில் எழுந்த ஜெபாலயத்தில் தரையில் அமர்ந்து தமிழில் பாடி வழிபட்டார்கள். பெஞ்சு, பைப் ஆர்கன், மேடை என்ற வரிசையைக் கைவிடுவது வட தமிழ்நாட்டில் ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்தெடுத்த வழி என்பதற்கு அந்தக் கட்டடம் ஆதாரம்.

இனி இந்த வட்டாரத்துக்கு வருவோம். எலத்தகிரி போன்ற கத்தோலிக்கக் கிராமங்கள் இங்கே ஆலைகளுக்கு முந்தியவை. 1997-ல் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மறைமாவட்டம் அமைத்தபோது இப்பகுதி அதற்குள் வந்தது. ஆனால் ஓசூரின் இன்றைய கிறிஸ்தவக் கூட்டத்தில் பெரும்பகுதி பிழைக்க வந்தவர்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பிறகு டைட்டனும் வந்தன. அண்மையில் டாடா எலெக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் சேர்ந்திருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்த சி.எஸ்.ஐ. குடும்பமும், கன்னியாகுமரிக் கத்தோலிக்கரும், வேலூர்ப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபையாரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருக்கிறார்கள். அவரவர் சபை அவரவர் ஊரில் இருக்கிறது. இங்கே ஞாயிறு காலை என்பது எல்லாருக்கும் ஞாயிறு காலை கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு அது தூங்கும் நேரம், வார விடுப்பு செவ்வாயோ வியாழனோ விழுந்தவருக்கு அது வேலை நேரம். மூன்று நாள் பெருவிழா மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டாம் ஷிப்ட்காரருக்கு மூன்று நாளும் போயிற்று. பதினைந்து பேர் கூடும் பாட்டுக்கூட்டத்தை மட்டுமே ஷிப்ட் சீட்டைப் பார்த்து வைக்க முடியும். பெண் தொழிலாளர் விடுதிகளுக்கு இது இன்னும் பொருந்தும். இரவில் வெளியே போய்வர விடுதிக் கட்டுப்பாடு இடம் கொடுக்காது. பாட்டுக்காரர்தான் விடுதியின் சாப்பாட்டு அறைக்கு வர வேண்டும்.

மொழி இன்னொரு காரணம். ஓசூர் வீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்கலாம். தளி, பாகலூர்ப் பக்கம் வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி ஒன்று என்றிருப்பது சாதாரணம். இதோடு வடக்கிலிருந்து வந்த மொழிகளும் சேர்ந்துவிட்டன. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் ஓசூர் ஆலை வேலைக்குப் பயிற்சி பெறுவதாக ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் சொன்னார். அவர்கள் எந்த மதத்தார் என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. ஆனால் ராஞ்சி வட்டாரத்தில் காஸ்னர் மிஷன் 1845-லிருந்தே இருக்கிறது, பழங்குடி மொழிகளில் கிறிஸ்தவப் பாட்டு அங்கே தலைமுறைகளாக வழங்குகிறது. மைதான மேடை ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டு பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தும். பாட்டை மொழிபெயர்ப்பாளர் பாட முடியாது. கூடத்தில் வேறு வழி உண்டு. பல்லவியை மூன்று மொழியிலும் கட்டி, சரணத்தைக் கேட்பவர் மொழியில் அன்றைக்கே திருத்திக்கொள்ள எழுதியவரால் முடியும். பாட்டு அவருடையது, திருத்தும் உரிமையும் அவருடையது. புருஷோத்தம சௌதரி (1803–1890) காலத்திலிருந்து தெலுங்கிலும் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு இருப்பதால், ஒரே மெட்டில் இரண்டு மொழி ஓடுவது இங்கே யாருக்கும் விநோதமாகப் படாது. பாரதக் கூத்தை விடிய விடியப் பாய் விரித்துப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. பாடுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதும், கூட்டத்தைப் பார்த்து அவன் வசனத்தை மாற்றிக்கொள்வதும் இங்கே பரம்பரை வழக்கம்.

இனி மறுப்புகள். எல்லாவற்றிலும் கனமானது சாதி. சாஸ்திரியாரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள். 1820களில் தஞ்சாவூருக்கு வந்த ஹௌப்ரோ முதலான புதிய மிஷனரிகள், எல்லாச் சாதியாரும் ஆலயத்தில் ஒன்றாக உட்கார வேண்டும் என்றார்கள். அதே கையோடு தமிழ்க் கீர்த்தனையையும் விழாப் பூக்களையும் ஒதுக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் இவற்றை வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியதோடு சேர்த்து நான்கு கொடுமைகளாக எண்ணி எழுதினார். தமிழ்ப் பாட்டைத் தடுப்பது ஒரு கொடுமை. சாதிகளை ஒன்றாக்குவதும் ஒரு கொடுமை! இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மிஷன் வேலையும் போயிற்று, சரபோஜி ஆதரித்தார். ஆகவே சின்னக் கூடம் என்பது சமத்துவக் கூடம் என்று யாரும் தானாக முடிவுகட்ட முடியாது. யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிக்க மைதானத்தைவிட வீட்டு வாசற்படிக்கு அதிகாரம் அதிகம். லைன் வீட்டில் அடுத்தடுத்து இருப்பவர்கள்கூடப் பாட்டுக்கூட்டத்தைத் தங்கள் ஊர்க்காரர், தங்கள் சாதிக்காரர் என்று சுருக்கிக்கொள்ள முடியும். மைதானத்தில் குறைந்தபட்சம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற வாதத்துக்கு வலு உண்டு. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் அதே மரபுக்குள்ளிருந்துதான் பதிலும் வந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர், கர்நாடகக் கீர்த்தனை மேல்சாதி ரசனையின் வேலி என்று கண்டு நாட்டார் மெட்டுக்கும் பேச்சுத் தமிழுக்கும் மாறினார். தலித் மக்களுக்காகக் கிராமிய இசையில் வழிபாட்டு முறையே அமைத்தார். 2005-ல் இறந்தார். அமெரிக்க ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அப்பாவுவின் நடைமுறையில் முக்கியமானது, பாட்டை அவர் முடிந்துபோன சரக்காகக் கொடுக்கவில்லை என்பது. கிராமத்தார் அதைப் பாடும்போது தங்கள் வாய்க்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். அது மேடையில் நடக்காது. எல்லாரும் சேர்ந்து உண்டு பாடும் சிறிய கூட்டத்தில்தான் நடக்கும். ஆக, கூடம் சாதியைக் காக்கவும் செய்யும், உடைக்கவும் செய்யும். எதைச் செய்யும் என்பது யார் வீட்டில், யார் சமையலோடு, எந்தச் சந்தத்தில் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஓசூரில் பாட்டுக்கூட்டம் வைக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான். கீபோர்டு எங்கே வைப்பது என்பது அப்புறம்.

அடுத்த மறுப்பு வழிபாட்டுக்காரர்களுடையது. பாட்டுக்காரரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி உட்கார்ந்தால் அது ஆராதனையா, ரசிகர் மன்றமா என்கிறார்கள். கிட்ட இருப்பதால் ஆள்மயக்கம் கூடும். தூர மேடையில் இருப்பவரிடம் தனியாகப் பேச முடியாது, கூடத்தில் முடியும். அதை ஏமாற்றுக்காரர் பயன்படுத்திக்கொள்ளலாம். பயம் நியாயமானது, குறிப்பாக வீட்டைவிட்டு வந்து விடுதியில் இருக்கும் இளம்பெண்கள் விஷயத்தில். ஆனால் இதற்கு மருந்து மைதானம் ஆகாது. மேடையிலிருந்து இறங்கியதும் தனியறையும் தனிக்காரும் உள்ள பாடகரைவிட, ஒரே கதவுள்ள கூடத்தில் பத்துப் பெரியவர்கள் பார்க்கப் பாடிவிட்டுப் போகிறவரைக் கண்காணிப்பது எளிது. விடுதிக்கு எந்தப் பாடகரும் தனியாக வரக்கூடாது, சபையின் மூத்த பெண்கள் இருவராவது கூட வர வேண்டும், தனிப்பட்ட ஜெபம் கதவு திறந்த அறையில்தான் என்று மூன்று விதிகளைச் சபை எழுதி ஒட்டினால் போதும். கேட்கக் கடுமையாக இருக்கலாம். நல்ல பாடகர் யாரும் இதற்கு முகம் சுளிக்கப் போவதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசக் கிறிஸ்தவர்கள் கூச்சப்படுவார்கள். பதினைந்து பேரின் காணிக்கையில் பாட்டுக்காரர் எப்படிப் பிழைப்பார்? கீத் கிரீன் என்ற அமெரிக்கப் பாடகர் 1979-ல், இனி கச்சேரிக்கும் இசைத்தட்டுக்கும் விலை வைப்பதில்லை, கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்று அறிவித்தார். 1982-ல் விமான விபத்தில் இறக்கும்வரை அப்படியே நடந்தார். ஆனால் அவருக்கு முன்பே பெயர் இருந்தது, பெரிய கூட்டமும் இருந்தது. ஓசூரில் பகலில் லேத்தில் நின்றுவிட்டு ராத்திரி பாட்டுக் கட்டுகிறவருக்கு அந்த வழி உதவாது. சாஸ்திரியாருக்கே ஒரு காலத்தில் மிஷன் சம்பளம் இருந்தது, பிறகு அரசர் உதவி இருந்தது. ஆதரவு இல்லாமல் இந்த மரபு எப்போதும் நின்றதில்லை. பெருவிழாவின் ஒலிபெருக்கி வாடகைக்கும் பந்தலுக்கும் வெளியூர்ப் பாடகரின் விமான டிக்கெட்டுக்கும் சபைகள் கொடுப்பதில் ஒரு பங்கை உள்ளூர்ப் பாடலாசிரியருக்குச் சம்பளமாக, ரசீதோடு கொடுக்கலாம். 'ஊழியம்தானே' என்று சொல்லிச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்புவது அன்பு ஆகாது.

சட்டமும் எல்லையும் கடைசி விஷயம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர்க் குடியிருப்போர், பக்கத்துத் திருச்சபையின் டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பானது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊரில், சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே தணிந்து பாட வேண்டும். மைக் இல்லாத பாட்டு அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதையும்கூட. வீட்டில் கூடிப் பாடினால் மதமாற்றம் என்ற சந்தேகம் கிளம்புகிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டமும் அதை ஒட்டிய சட்டமும் 2004-ல் போயின. எல்லையிலுள்ள சுசுவாடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2022-ல் தன் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு வந்த அரசு அதைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. கர்நாடகத்து அத்திப்பள்ளியில் ஒரு கூட்டமும் ஓசூரில் ஒரு கூட்டமும் வைக்கிற பாடகர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சந்தேகத்துக்குப் பதில் ஒளிந்து பாடுவதல்ல. கதவைத் திறந்து வைத்து, வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி, கேட்க விரும்பும் இந்து, முஸ்லிம் நண்பருக்கு நாற்காலி போட்டு, பாட்டு முடிந்ததும் யாரையும் கைதூக்கச் சொல்லாமல் டீ கொடுத்து அனுப்பினால், ஊர் பார்த்துக்கொள்ளும்.

மைதானக் கூட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை எல்லாச் சபையும் ஒரே இடத்தில் சேர அவை வேண்டும். ஆனால் பணமும் ஆளும் நேரமும் மேடைக்கே போவது இந்த வட்டாரத்தில் நியாயமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிச் சபைக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் டிசம்பரில் கேரல் ரவுண்டுக்குப் பட்டியல் போடும்போது, பழைய பாட்டுகளோடு உங்கள் சபையாரே கட்டிய இரண்டு பாட்டுகளையும் சேருங்கள்; கட்டியவரையே அழைத்துப் பாட வையுங்கள்; வசதியான வீடுகளோடு ஒரு லைன் வீட்டையும் ஒரு பெண்கள் விடுதியையும் எழுதிக்கொள்ளுங்கள்; பாட்டுக்காரருக்குக் கொடுக்கும் தொகையை ஆண்டுக் கணக்கில் தனித் தலைப்பில் காட்டுங்கள்.